இருநூறு மணி நேரம், எத்தனை டச்? – டி.ஜி.சி.ஏ.வுக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் விமானிப் பயிற்சியையும் உரிமங்களையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. நான் ஏர்பஸ் 320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய நண்பர் ஒருவர், ஓமலூர்ப் பக்கத்து விவசாயி, மகனின் பிளஸ் டூ மார்க் ஷீட்டை மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு மேலே பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கத் தொடங்கியதிலிருந்து பையனுக்கு வேறு நினைப்பே இல்லையாம்.

"ஏங் கண்ணு, இங்கயே சேத்துடலாமா, இல்ல அமெரிக்கா, சவுத் ஆப்பிரிக்கான்னு சொல்றாங்களே, அங்க அனுப்போணுமா? எங்க படிச்சா நெசமாலுமே ஓட்டக் கத்துக்குவான்?"

ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை விற்க அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒரு மணி நேரம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்: "எந்த ஊருக்குப் போனாலும் கிட்டத்தட்ட இருநூறு மணி நேரந்தான்னு சொல்ற. அப்புறம் என்னதான் வித்தியாசம்?" நான் பதில் யோசிப்பதற்குள் அப்பா, கையில் மெருகு போட்டுக்கொண்டிருந்த கொலுசைத் தூக்கிக் காட்டி, "எடை ஒண்ணா இருந்தா டச்சும் ஒண்ணா இருக்குமா மாப்ள?" என்றார்.

இந்த மடல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொலுசைத் தராசில் வைத்தால் கிராம் தெரியும். அதில் எத்தனை பங்கு வெள்ளி, எத்தனை பங்கு செம்பு என்பது தராசுக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் டச். நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி இருந்தால் 80 டச். எங்கள் தெருவில் எடையை மட்டும் சொல்லி யாரும் வியாபாரம் பேசுவதில்லை.

உங்கள் விதிப்புத்தகம் ஒரு நல்ல தராசு. சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, 200 மணி நேரப் பறத்தல், அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியது, 300 கடல் மைல் தொலைப்பயணம் ஒன்று, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய 10 மணி நேரம், இரவில் 5 மணி நேரம். ஒவ்வொன்றும் துல்லியமாக நிறுக்கப்படுகிறது. ஆனால் அந்த 200 மணி நேரத்துக்குள் என்ன கற்றோம் என்று உரசிப் பார்க்கும் இடங்கள் மிகக் குறைவு. இரண்டு நாட்டு முறைகளுக்குள் போய் வந்தவள் என்பதால், எங்கே எதை உரசுகிறார்கள் என்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நான் முதலில் சேர்ந்தது இந்தியாவில், வேறொரு மாநிலத்தில் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில். பெயர் வேண்டாம். 14 மாதத்தில் 62 மணி நேரம் பறந்தேன். உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் விமானம், விட்டுப்போன இன்ஸ்ட்ரக்டருக்குப் பதிலாக ஆள் கிடைக்காத மாதங்கள், குளிர்காலப் பனிமூட்டம், பிறகு மழை. காலை ஐந்தரைக்கு யூனிஃபார்மில் போய் உட்கார்ந்து, பதினோரு மணிக்கு "இன்று இல்லை" என்று கேட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பிய நாட்கள்தான் அதிகம். அப்பா அந்த ஆண்டு பட்டறையின் பின்கட்டை அடமானம் வைத்திருந்தார். மீதியை முடிக்க அரிசோனா போனேன். அங்கே ஏழே மாதம்.

இதை வைத்து அமெரிக்கா உசத்தி, நாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அங்கே வானம் பெரும்பாலான நாட்களில் வெறிச்சென்று நீலமாக இருக்கிறது. வெளியே கண்ணால் பார்த்தே ஓட்டும் 'பார்வை விதி'யில் பறக்க விமானத் திட்டம் கொடுக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத நூற்றுக்கணக்கான சின்ன ஓடுபாதைகளில் விமானிகள் தங்களுக்குள்ளேயே ரேடியோவில் சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள். இங்கே ஒரு தொலைப்பயணத்துக்கு விமானத் திட்டம் கொடுத்து, விமானத் தகவல் மையத்தின் எஃப்.ஐ.சி. எண், விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண் இரண்டும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கு அது தேவை. நான் குறை சொல்லவில்லை. இன்னொன்று, சின்ன விமானங்களுக்கான ஏவ்கேஸ் எரிபொருள் 2022 வரை முழுக்க இறக்குமதிதான். அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. மணி நேரம் சேர ஏன் இத்தனை மாதமாகிறது என்பதற்கு இப்படி நியாயமான காரணங்கள் உண்டு. நியாயமே இல்லாத காரணங்களும் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

மணி நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சாதாரண வழியில் சி.பி.எல். வாங்க 250 மணி நேரம், ஒப்புதல் பெற்ற பள்ளி வழியாக 190. கனடாவில் 200. ஐரோப்பாவில் ஒரே மூச்சில் முடிக்கும் ஒருங்கிணைந்த ஏ.டி.பி.எல். (ஏர்லைன் விமானி உரிமம்) பயிற்சிக்கு 195. ஆஸ்திரேலியாவில் ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150 போதும். எடை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு அமெரிக்கா மட்டும் ஏர்லைனில் உட்கார 1,500 மணி நேரம் வேண்டும் என்கிறது. "நம்ம ஊரிலும் 1,500 கொண்டுவரலாம்" என்று பேசுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த விதி எப்படி வந்தது என்பதை நினைத்துக்கொள்வேன்.

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்தது. வீட்டுக்குள் இருந்த ஒருவரோடு சேர்த்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். குடும்பங்கள் போராடி 2010இல் சட்டம் வந்தது. 2013இல் 1,500 மணி நேர விதி நடைமுறைக்கு வந்தது. அந்தக் குடும்பங்களின் போராட்டத்தை நான் மதிக்கிறேன். சோர்வு, ஓய்வு நேரம், பயிற்சிப் பதிவுகள் என்று அதனால் வந்த நன்மைகள் பல. ஆனால் அந்தக் கேப்டனின் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில், 3,000 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 2,000க்கு மேல். 1,500 என்ற தராசில் இருவரும் தேறியவர்கள்.

அதே 2009 ஜூன் 1, ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக் மேலே வேகமானி உறைந்தது. தானியங்கி விலகியது. ஓட்டியவர் மூக்கைத் தூக்கியே பிடித்திருந்தார். முப்பத்தெட்டாயிரம் அடியிலிருந்து கடல் வரை ஸ்டாலிலேயே விழுந்து 228 பேர் போனார்கள். ஐரோப்பா மணி நேரத்தை ஏற்றவில்லை. தலைகுப்புறப் போகும் விமானத்தை மீட்கும் பயிற்சியை ஏற்றியது. 2019 டிசம்பரிலிருந்து, ஏர்லைன் விமானத்துக்கான முதல் டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதிக்கு) போவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 5 மணி நேரம் பாடமும், நிஜ விமானத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு 3 மணி நேரமும் இதை மட்டுமே செய்ய வேண்டும். சிமுலேட்டர் இதற்குப் போதாது என்பதை உணர்ந்துதான் விமானத்தில் வைத்தார்கள். சிமுலேட்டரில் வயிறு மேலே வராது; பயமும் வராது.

என் இந்தியப் பள்ளியின் 62 மணி நேரத்தில் ஸ்டால் என்பது எச்சரிக்கை ஒலி வந்தவுடனே "ரிக்கவர்" சொல்லி முடிக்கும் ஒரு சடங்கு. முழு ஸ்டாலை நான் பார்த்ததே இல்லை. அரிசோனாவில் இன்ஸ்ட்ரக்டர் உரிமத்துக்கு முயல்பவர்கள் ஸ்பின் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், நானும் அந்தப் பயிற்சிக்குப் போனேன். விமானம் ஒரு இறக்கையைச் சரித்துப் பம்பரமாகச் சுழல, பாலைவனம் கண்ணாடி முழுவதும் சுற்றியது. முதல் முறை என் கைகள் அந்தக் கேப்டன் செய்ததையே செய்தன. தண்டை இழுத்தேன். புத்தகத்தில் நூறு முறை படித்திருந்தேன். பரீட்சையில் சரியாக எழுதியும் இருந்தேன். உடம்புக்குத் தெரியவில்லை. ஆறாவது முறைதான் கை தானாக முன்னே போனது. அன்று கற்றது முக்கால் மணி நேரம். என் லாக்புக்கில் இருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் டச் அதிகம்.

ஆகவே என் முதல் கோரிக்கை: 1,500ஐ நினைக்க வேண்டாம். 200க்குள்ளேயே 3 மணி நேரத்தை, நிஜ விமானத்தில், அதற்கென்று தயாரான இன்ஸ்ட்ரக்டரோடு, இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. இங்கே நாம் எழுதும் தாள்கள் கடினமானவை. ஏர் ரெகுலேஷன், நேவிகேஷன், மெட்டியராலஜி, டெக்னிக்கல் என்று 70 சதவீதம் எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் இன்னும் கடினம்: 13 தாள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். இப்போது அதோடு மனக்கணக்கையும் தீர்மானிக்கும் திறனையும் பள்ளியே சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வு ஒன்றே ஒன்று, 100 கேள்விகள். ஒரு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிடலாம். இதைக் கேட்டு இங்கே பலர் சிரிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு வருவதை அவர்கள் பார்த்ததில்லை.

செக்ரைடு என்ற திறன் தேர்வு அன்று முதல் இரண்டு மணி நேரம் விமானத்தின் பக்கமே போகவில்லை. ஒரு மேசை, எதிரே எக்ஸாமினர், நடுவே நான் போட்டு வந்த பயணத் திட்டம். "இந்த நாலு பேர், இந்த மூட்டை, இந்த வெயில். கிளம்புவாயா?" நான் எடைக் கணக்கைக் காட்டினேன், சரி. புறப்பாட்டுத் தூரத்தைக் காட்டினேன், சரி. "பாதி வழியில் மேகம் கீழே இறங்கினால்?" மாற்று விமான நிலையத்தைச் சொன்னேன். "போக வேண்டிய ஊரில் சொந்தக்காரர் கல்யாணம், பின்னால் இருப்பவர் அழுகிறார், என்ன செய்வாய்?" விதி எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "விதியைக் கேட்கவில்லை. அவரிடம் என்ன சொல்வாய்?" எனக்கு வாய் வரவில்லை. 2016இலிருந்து அவர்களுடைய தேர்வுத் தரப்பட்டியலில் அறிவு, திறன் இரண்டோடு ஆபத்தை எடைபோடுதல் என்பதும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக இருக்கிறது. அதில் நான் அன்று தேறவில்லை. விமானம் ஏறாமலே வீட்டுக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். ஏர்லைனில் ஒருமுறை, புயல் மேகத்தைச் சுற்றிப் போகலாமா திரும்பலாமா என்று கேப்டனோடு பேச வேண்டிய ஒரு மாலையில், அந்த மேசைதான் ஞாபகம் வந்தது.

அந்த எக்ஸாமினர் என் பள்ளியின் சம்பளக்காரர் இல்லை. அரசு நியமித்த வெளி ஆள். அதற்காகத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது, அங்கேயும் அது பெரிய புலம்பல்தான். என்றாலும் பள்ளியின் லாபத்துக்கும் என் தேர்ச்சிக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. இங்கே என் முதல் பள்ளியில், மாணவரைத் தயார்செய்பவரும், அவர் தேறிவிட்டார் என்று கையெழுத்திடுபவரும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கொலுசு செய்தவனே டச் முத்திரையும் குத்துவதை எங்கள் தெருவில் யாரும் ஏற்பதில்லை. சி.பி.எல். திறன் தேர்வுக்கு அதே பள்ளியோடு சம்பந்தமில்லாத எக்ஸாமினர், அவர் முன்னால் குறைந்தது ஒரு மணி நேரம் வாய்மொழித் தேர்வு. இது இரண்டாவது கோரிக்கை.

பழைய விமானிகள் 'பார்க்கர் 51' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். போர் விமானத்தின் பெயர் மாதிரி இருக்கும். பார்க்கர் பேனாவால் மட்டுமே பறந்த மணி நேரம் என்று அர்த்தம். பறக்காததை எழுதிய லாக்புக்கை எந்தத் தராசும் கண்டுபிடிக்காது. எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். 2011இல் போலி மதிப்பெண் சான்றுகளோடு உரிமம் வாங்கியவர்கள் பிடிபட்டபோது நாடே அதிர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன்.

சின்ன வயதில் அப்பாவோடு ஏற்காடு பஸ்ஸில் போகும்போது, அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பத்தாவது கொண்டை ஊசிக்கு மேலே உப்பத் தொடங்கும். இருபதாவதைத் தாண்டுவதற்குள் பலூன் மாதிரி ஆகிவிடும், காது அடைக்கும். ஏன் என்று கேட்டேன். "மேல காத்து கம்மிம்மா" என்றார். ஏர் டென்சிட்டி பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

காமலாபுரம் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரம். சித்திரை மதியம் 38 டிகிரி. தரக் கணக்குப்படி ஆயிரம் அடியில் காற்று 13 டிகிரி இருக்க வேண்டும்; 25 டிகிரி கூடுதல். சூட்டில் காற்று மெலிவதால், கூடுதல் டிகிரி ஒவ்வொன்றுக்கும் 120 அடி உயரம் வீதம் போட்டால் 3,000. ஆக, விமானத்தின் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் அந்த ஓடுபாதை 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. சித்திரை மதியத்தில் நம் ஓடுபாதை மலைப்பாதையில் முக்கால்வாசி ஏறிவிட்டது! கிழக்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் சேர்வராயன் 5,300 அடிக்கு நிற்கிறது. இரண்டு பேரும் நிறைய எரிபொருளுமாக ஏறும் செஸ்னா 172 அந்த மதியத்தில் எவ்வளவு சோம்பலாக ஏறும் என்பதைச் சேலத்து மாணவர் கணக்கில் போட்டும் பார்க்க வேண்டும், இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து உணரவும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும். மலைக்கு மறைவுப் பக்கம் இருப்பவனைக் காற்று கீழே அழுத்தும். ஆடியில் நிலைமை தலைகீழ். வாழப்பாடிப் பக்கம் போய்த் திரும்பும்போது கவனிக்க வேண்டும்.

பாடத்திட்டம் நாடு முழுவதுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் மலை, காற்று, வெயிலுக்கென்று ஒரு கட்டாயப் பயிற்சித் தாளை எழுதி உங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உருக்காலை, ஓமலூரில் பிரியும் ரயில் பாதை. பார்வை வழிகாட்டிகளுக்கு இதைவிட நல்ல இடம் ஒரு மாணவருக்குக் கிடைக்காது.

இதே உயரக் கணக்கு வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களுக்கு வேறு விதத்தில் கண்ணியாகிறது. உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும்; அன்றைய அழுத்தத்தை விமானி அதில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் அதை அங்குலப் பாதரசத்தில் வைப்பார்கள், தரம் 29.92. இங்கே ஹெக்டோபாஸ்கல், தரம் 1013. புயல் நாளில் சென்னை கோபுரம் "கியூ.என்.எச். நைனர் நைனர் டூ" என்கிறது. அதாவது, உயரமானியில் வைக்க வேண்டிய அழுத்தம் 992. ஏழு மாதம் 29.92ஐத் திருப்பித் திருப்பி வைத்துப் பழகிய கைக்கு அந்த "நைனர் நைனர் டூ" எப்படிக் கேட்கும்? 29.92 என்று வைத்துவிட்டால் ஊசி நிஜத்தைவிட ஏறத்தாழ 600 அடி கூடுதலாகக் காட்டும். நாம் நினைப்பதைவிட 600 அடி கீழே இருப்போம். அமெரிக்கா முழுவதும் 18,000 அடிக்கு மேல் போனால்தான் தர அழுத்தத்துக்கு மாற்றுவார்கள். இங்கே அந்த உயரம் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் வேறு. அவர்கள் 'பாயிண்ட்' என்பது இங்கே 'டெசிமல்'. சீனாவுக்குப் போனால் உயரமே மீட்டரில். வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும் தேர்வில் விதி எண்களையும் வானிலைக் குறியீடுகளையும் கேட்கிறீர்கள். அதோடு ஒரு மணி நேரம் சிமுலேட்டரில் உட்கார வைத்து, இந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக வீசிப் பாருங்கள். இந்தச் சோதனையை எனக்கு யாரும் வைக்கவில்லை. நானே ஒரு காகிதத்தில் எழுதி ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ரேடியோ ஆங்கிலம் பற்றியும் சுருக்கமாக. 1996 நவம்பர் 12 சார்க்கி தாத்ரி வானத்தில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தது நம் மண்ணில்தான். உலகம் முழுவதும் விமானிகளுக்கு நான்காம் நிலை ஆங்கிலம் கட்டாயமானதற்கு, ரேடியோவில் பேசியது சரியாகப் புரியாமல் போன அப்படிப்பட்ட விபத்துகள்தான் காரணம். அந்த அளவுகோல் உச்சரிப்பு புரிகிறதா என்று பார்க்கிறது, அமெரிக்கர் மாதிரிப் பேசுகிறாயா என்று பார்க்கவில்லை. தமிழ்வழியில் படித்த எடப்பாடிப் பையனுக்கும் தாரமங்கலத்துப் பெண்ணுக்கும் இதை யாரும் சொல்வதில்லை. பயத்திலேயே பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள். ரேடியோ உரிமத் தேர்வு தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது பெரிய நிம்மதி, ஒரு வாசல் குறைந்தது. அதற்கு நன்றி.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. என் முதல் பள்ளியில், சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக) பறந்த மூன்றாவது நாள், விமானம் ஓடுபாதையில் மோதித் துள்ளி, மறுபடி மோதி நின்றது. கடினமான இறக்கம். சக்கரக் காலைச் சோதிக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. சொன்னேன். "ஒண்ணும் ஆகல, எழுதாதே. விமானம் நின்னா பத்துப் பேரோட மணி நேரம் போயிடும்" என்றார்கள். அடுத்த நாள் அதே விமானத்தில் என் அறைத்தோழி சோலோ போனாள். அவள் இறங்கி வரும்வரை நான் ஓடுபாதை வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1976இலிருந்து, விமானிகளின் தவறு அறிக்கைகளை உரிமம் தரும் துறை நேரடியாக வாங்குவதில்லை. நாசா வாங்குகிறது. தெரியாமல் நடந்த தவறை 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், பெயரை நீக்கிவிட்டுத்தான் ஆராய்வார்கள். விதிமீறல் என்று பின்னால் வழக்கு வந்தாலும் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. அரிசோனாவில் முதல் வாரமே அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்திலும் 1982இலிருந்து இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. தன்னார்வ அறிக்கைக்கு இங்கேயும் வழி இருக்கிறது. ஆனால் 19 வயது மாணவி, பள்ளியின் தயவில் மணி நேரத்துக்குக் காத்திருப்பவள், அதை நம்பி எழுத மாட்டாள். அவளுக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லாத, உங்கள் அமலாக்கப் பிரிவுக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெட்டி வேண்டும். இந்த மடலில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கடைசியாகத் தோட்டத்தை விற்கப்போகிறவரின் கேள்வி. 2022இல் விமான நிலைய ஆணையம் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் ஆகியவற்றோடு சேலத்தையும் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்ந்தெடுத்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்ல வேண்டும். 1993இல் திறந்து, பெரும்பாலான ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்த ஓடுபாதை அது. 2018இல் விமானம் வந்து, 2021இல் நின்று, 2023இல் மறுபடி வந்தது. அதை நீட்டிக்க நிலம் கேட்டபோது பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, காமலாபுரம் விவசாயிகள் தூக்கமில்லாமல் தவித்ததையும் பார்த்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகளே இப்போது அரைக் கோடிக்கு மேல் செலவழித்து அங்கே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு முழுக்கணக்கைக் காட்டுவது நம் கடமை.

அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பள்ளி, அந்த ஒப்புதலைத் தக்கவைக்க, முந்தைய இரண்டு ஆண்டுத் தேர்வுகளில் நூற்றுக்கு 80 பேரையாவது முதல் முயற்சியில் தேர வைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் நீங்கள் முதன்முறையாகப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டீர்கள். 35 பள்ளிகளில் ஒன்றுகூட 'ஏ' வரிசையில் வரவில்லை. எல்லாம் 'பி', 'சி'தான். அதை மறைக்காமல் வெளியிட்ட உங்கள் துணிவை மனதாரப் பாராட்டுகிறேன். உலகத்தில் பெண் விமானிகள் 5 சதவீதம் என்றால் நம் நாட்டில் 15 சதவீதம் என்று பெருமையோடு சொல்லும் நாடு இது. இந்த வெளிப்படைத்தன்மையிலும் நாம் முன்னால் நிற்க முடியும்.

அந்த 'பி', 'சி' எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் எண்களையும் போடுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் போன ஆண்டு உரிமம் வாங்கியவர்களுக்கு 200 மணி நேரம் முடிய எத்தனை மாதம் ஆனது, பறக்கும் நிலையில் எத்தனை விமானம், ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர், முதல் முயற்சியில் தேறியவர் எத்தனை, நடுவில் விலகியவருக்குப் பணம் திரும்பியதா. தமிழிலும் போடுங்கள். எனக்கு இந்த எண்கள் அன்று கிடைத்திருந்தால் அந்த 14 மாதமும் பின்கட்டும் எங்களிடமே இருந்திருக்கும்.

அப்பாவின் நண்பர் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். தோட்டத்துக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்கிவிட வேண்டாம், முதலில் பையனுக்கு மருத்துவச் சோதனை முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். காமலாபுரத்தையும் சேர்த்து மூன்று பள்ளிகளுக்கு நேரில் போய், காலை ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளியே நின்று, பத்து மணிக்குள் எத்தனை விமானம் மேலே ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் அந்த எண்ணிக்கைக்காக வேலியோரம் நிற்க வேண்டிய தேவை அடுத்த ஆண்டு வருபவருக்கு இருக்கக் கூடாது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விமானி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.